எந்த மாவட்டம் என்று நான் கேட்கவில்லை

மைசூரில் நான் எம்.பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு டிசம்பர் மாதம், எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் பிப்ரவரியில் ஆளெடுக்க வருகிறது என்று அதில் இருந்தது. விற்பனையும் மார்க்கெட்டிங்கும்தான் அவர்கள் தொழில். ஒரு கம்பெனியின் சரக்கு ஏன் ஓடவில்லை, எந்த ஊரில் கடை பிடிக்கலாம், யாரிடம் விற்கலாம் என்று அந்தக் கம்பெனிக்கே போய்ச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர்கள். தாளின் கடைசி வரியில், நேர்காணல் கேஸ் முறையில் நடக்கும் என்று போட்டிருந்தது.

அது என்ன முறை என்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. பேராசிரியர் ஒருவரிடம் கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கோர்ட்டு கேஸ் மாதிரி இருக்காது" என்று மட்டும் சொன்னார்.

வகுப்பில் ஒருவனுடைய அண்ணன் வடக்கே ஒரு பெரிய கல்லூரியில் படித்தவர். அவரிடமிருந்து நாற்பது பக்க ஜெராக்ஸ் கட்டு ஒன்று வந்தது. அதைப் படித்துத்தான் விஷயம் புரிந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலை இரண்டு மூன்று வரியில் சொல்வார். அரை மணி நேரத்துக்குள் நாம் யோசித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பிக்க வழியில்லை. அந்தக் கட்டில் இருந்த சிக்கல்கள் எல்லாமே அமெரிக்காவுடையவை. பீர் கம்பெனி ஒன்று, விமானக் கம்பெனி ஒன்று, வாசலில் விழுந்த பனியை அள்ளித் தள்ளும் இயந்திரம் செய்கிற கம்பெனி ஒன்று.

எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. அப்பா மேட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். என்னை மட்டும் எப்படியோ கான்வென்ட்டில் சேர்த்துப் படிக்கவைத்தார். வீட்டில் கன்னடம் கலந்த தமிழ் பேசினாலும் வெளியே என் ஆங்கிலத்தைக் கேட்டு ஆசிரியர்களே தலையாட்டுவார்கள். பேச வேண்டிய வேலை என்றால் அது எனக்குத்தான் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அந்த நேர்காணலுக்கு என்னோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவள் விடுதியில் தங்கியிருந்த என் வகுப்புத் தோழி. கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், அனூர் போகிற வழியில் ஒரு கிராமம் அவளுக்கு. அவள் அப்பா விவசாயி. மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். வீட்டில் கொங்குத் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். கணக்கில் மட்டும் அவளை யாரும் நெருங்க முடியாது.

அவள்தான் முதலில் வந்து கேட்டாள். "நீ எனக்கு இங்கிலீஷ் பழக்கிக் குடு. நான் உனக்குக் கணக்கு போடப் பழக்கறேன். சரியா?"

சரி என்றேன். அவளுக்கு உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்காருவோம். ஒருத்தி கம்பெனிக்காரி, இன்னொருத்தி வேலை கேட்டு வந்தவள். கைக்கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்து அரை மணி நேரம். எங்களைத் தாண்டி நடைப்பயிற்சிக்காரர்கள் போவார்கள். இரண்டாவது சுற்றில் வரும்போதும் நாங்கள் அதே விமானக் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கட்டில் இருந்த பயிற்சிகளில் ஒரு வகை, எதையாவது மதிப்பிடச் சொல்வது. ஒரு நகரத்தில் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கும், எத்தனை ஷேவிங் பிளேடு விற்கும் என்பது போல. நாங்கள் மைசூருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். ஒரு நாளைக்கு மைசூரில் எத்தனை ஊதுபத்தி எரியும்?

நான் உடனே ஆரம்பித்தேன். இத்தனை பேர், ஒரு வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் இத்தனை வீடு, வீட்டுக்குக் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. பெருக்கி விடை சொல்லிவிட்டேன்.

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்கூட்ல வெள்ளிக்கிழமை மட்டுந்தான் பத்தவெப்பாங்க."

"இது மைசூர்ல."

"இங்கயும் அப்படி இருக்கற வீடு இருக்குமில்ல? கடைக்காரங்க தெறந்த ஒடனே கொளுத்தறாங்க. ஆட்டோவுல கூட வெச்சிருக்காங்க. அதெல்லாம் எங்க போச்சு?"

"அவ்வளவு நுணுக்கமா யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க" என்றேன். "எப்படி யோசிக்கறோம்ங்கறதைத்தான் பார்ப்பாங்க."

என்னிடம் ஒரு முறை இருந்தது. எந்தச் சிக்கலைக் கொடுத்தாலும் தாளில் நான்கு பெட்டி போடுவேன். பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம். ஒவ்வொரு பெட்டியாக நிரப்பிக்கொண்டே பேசுவேன். பேச்சு தடையில்லாமல் வரும். அவளோ பெட்டியே போடமாட்டாள். பனி அள்ளும் இயந்திரத்தின் கேஸை நான் கம்பெனிக்காரியாக இருந்து கொடுத்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊர்ல வருசத்துக்கு எத்தன நாள் பனி பேயும்?" என்பது.

"அது இதுல போடலையே."

"நீதான கம்பெனிக்காரி? உனக்குத் தெரியாதா?"

நான் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவைத்தேன். அடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே இயந்திரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. "கேள்வியாவே கேட்டுட்டிருந்தா எப்ப பதில் சொல்லுவே? நேரம் போயிடும்" என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஜனவரியில் எங்களுக்கு நிஜமான கேஸ் ஒன்று கிடைத்தது. எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாமராஜநகரில் அவருடைய குளியல் சோப்பின் விற்பனை பாதியாகிவிட்டது, மேனேஜர் தினமும் போனில் கத்துகிறார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குச் சர்க்கரைப் பொங்கலை இன்னொரு கரண்டி போட்டாள்.

"அங்கிள், அதை எங்களுக்குக் குடுங்க" என்றேன். "நாங்க பிராக்டீஸ் பண்றோம்."

அவர் சிரித்தார். "எடுத்துக்கம்மா. சும்மனே என் தலையில இருக்கறதுக்கு உங்களுக்காவது உதவட்டும்."

அன்றைக்கு ஏரிக்கரையில் நான் நான்கு பெட்டி போட்டு, விலை அதிகம் என்ற முடிவுக்கு வந்தேன். தோழி எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "சாமராஜநகரம் ஒண்ணும் அமெரிக்காவுல இல்லையே. பஸ் ஏறிப் போய்க் கேட்டுட்டு வந்தா என்ன?"

சனிக்கிழமை காலை போனோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதிக்கு நடந்து, முதல் மளிகைக் கடையில் நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தச் சோப்பு மாதம் எத்தனை விற்கும் என்று கன்னடத்தில் கேட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தச் சோப்பை அவர் விற்பதே இல்லை என்றார். அவர் தலைக்குப் பின்னால் அந்தச் சோப்பு வரிசையாக அடுக்கியிருந்தது. இரண்டாவது கடையில், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்று முதலாளியே சொன்னார். மூன்றாவது கடையில் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார், நாங்கள் விற்பனை வரி ஆபீசிலிருந்து வருகிறோமா என்று.

தோழி என் கையிலிருந்த நோட்டை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். "நீ கொஞ்ச நேரம் சும்மா இரு" என்றாள்.

நான்காவது கடையில் அவள் கால் கிலோ பொட்டுக்கடலை வாங்கினாள். கடைக்காரர் நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். எந்த ஊர், யார் வீடு என்றெல்லாம் விசாரித்தார். அவருடைய அக்காவை அவள் ஊருக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஸ்டூல் வந்தது, டீ வந்தது. டீயைக் குடித்து முடித்த பிறகு அவள் ஒரு சோப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இது உங்களுக்கு மைசூர்ல இருந்து வருதுங்களா?"

"முன்னால அங்கிருந்துதான் வந்துச்சு. இப்ப சத்தியமங்கலத்துல இருந்து வருது."

"ஏனுங்க, அது ரொம்பத் தூரமில்லிங்களா?"

"இங்கிருந்து தெனமும் காய்கறி லாரி மலை எறங்கிப் போகுது. இறக்கிட்டுத் திரும்பி வர்றப்ப வண்டி காலியாத்தான வரணும்? அதுல போட்டு அனுப்பறாங்க. அந்தப் பக்கத்து மொத்தக் கடைக்காரர் டஜனுக்கு ஒரு சோப்பு சும்மா வேற குடுக்கறாரு. மைசூர்காரர் அதெல்லாம் குடுக்கறதில்ல."

"இந்த வீதியில எல்லாருமா இப்படி வாங்கறாங்க?"

"எல்லாருந்தான்."

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விற்பனை குறையவே இல்லை. ஊர்க்காரர்கள் அதே சோப்பைத்தான் தேய்த்துக் குளிக்கிறார்கள். கணக்கு மட்டும் எல்லை தாண்டி வேறொருவர் பெயரில் ஏறுகிறது. திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் பொட்டுக்கடலையைத் தின்றுகொண்டு அதைப் பற்றியே பேசினோம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. ஆனா நான் சொன்னா சாக்கு, நீங்க சொன்னா ஆராய்ச்சி. ரெண்டு பக்கம் இங்கிலீஷ்ல எழுதி டைப் பண்ணிக் குடுங்க" என்றார். நான்தான் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. ஒரு வாரம் கழித்து அவருடைய மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கத்துவதை நிறுத்தினார் என்று கேள்விப்பட்டோம். நான் அந்த இரண்டு பக்கத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தேன். தினமும் எடுத்துப் படிப்பேன். படிக்கப் படிக்க, அதைக் கண்டுபிடித்தது நானேதான் என்று மெல்ல மெல்ல எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

பிப்ரவரியில் பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். துறையின் விருந்தினர் அறையில் மேஜைக்கு விரிப்புப் போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவயதுக்காரர் ஒருவர், பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மாள். எனக்குக் காலை பத்தரைக்கு. தோழிக்குப் பன்னிரண்டுக்கு.

முதலில் குடும்பம், படிப்பு என்று கேட்டார்கள். நான் பேசியதைக் கேட்டு இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு அவர் கேஸைச் சொன்னார். "ஒரு ஹேர் ஆயில் கம்பெனி. ஒரு மாவட்டத்தில் மட்டும் நான்கு மாதமாக விற்பனை இறங்கிக்கொண்டே வருகிறது. மற்ற இடங்களில் மாற்றம் இல்லை. என்ன காரணமாக இருக்கும்?"

அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த மளிகைக் கடையும் ஸ்டூலும் எனக்குக் கண்ணில் வந்துவிட்டன. உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். தாளை எடுத்து ஒரு கோடு போட்டு, இது மாநில எல்லை என்றேன். காய்கறி லாரி இப்படிப் போகிறது, திரும்பும்போது எண்ணெய் ஏற்றி வருகிறது, அந்தப் பக்கத்து மொத்த வியாபாரி இலவசம் கொடுக்கிறார், அதனால் விற்பனை குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்று தடுமாறாமல் பேசினேன். என்ன செய்யலாம் என்று மூன்று யோசனைகளும் சொன்னேன். இருவரும் குறுக்கிடாமல் கேட்டார்கள்.

நான் நிறுத்தியதும் அந்த அம்மாள், "நன்றாக யோசித்திருக்கிறீர்கள். இது எந்த மாவட்டம்?" என்று கேட்டார்.

நான் என் தாளில் போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன்.

"நாங்கள் சொன்னோமா?"

"இல்லை."

"நீங்கள் கேட்டீர்களா?"

"இல்லை" என்றேன்.

"மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. எந்த எல்லையும் அதைத் தொடவில்லை" என்றார். கிண்டல் எதுவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் பக்கத்திலிருந்தவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

மிச்சமிருந்த நேரத்தில் நான்கு பெட்டிகளைப் போட்டுப் பார்த்தேன். எதிலும் எழுத எதுவும் வரவில்லை. கடைசியில் அவர்களே காரணத்தைச் சொன்னார்கள். பெரிய பாட்டிலை விற்க வேண்டும் என்று அந்த மாவட்டத்தில் மட்டும் சின்ன பாட்டிலை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஜனங்கள் பெரிய பாட்டிலுக்குப் போகவில்லை, வேறு எண்ணெய்க்குப் போய்விட்டார்கள். சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் எழுந்தபோது அந்த அம்மாள், "உங்கள் ஆங்கிலம் மிக அழகாக இருக்கிறது" என்றார். அதை நான் பல வருஷம் மறக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் தோழி மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கேஸை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. அவள் மேல் இருந்த பிரியம் பாதி. அவளுக்குக் கிடைத்தால் அதில் என் பங்கும் இருக்கட்டும் என்ற எண்ணம் பாதி.

"என்ன கேட்டாங்கன்னா..."

"வேண்டாம், சொல்லாத" என்றாள். "சொன்னீன்னா நான் அதையே புடிச்சுக்குவேன். வேற கேட்டா எனக்கு ஓடாது."

நான் கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் ஒன்றரை மணிக்கு வந்தாள். அரை மணி நேரம் என்று சொன்னவர்கள் அவளை ஒரு மணி நேரத்துக்கு மேலாக உள்ளேயே உட்காரவைத்துப் பேசினார்களாம். அவளுக்கு வந்தது வேறு கேஸ். பம்ப்செட் மோட்டார் செய்கிற கம்பெனி, விவசாயிகளிடம் விற்பனை கூடவில்லை, இன்னும் டீலர்களை நியமிக்கலாமா என்பது. ஆங்கிலம் தடுமாறியதும் எழுதிக்கொள்ள இரண்டு நிமிஷம் வேண்டும் என்று அவளே கேட்டிருக்கிறாள். பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, ஒரு விவசாயி எந்த மோட்டார் வாங்குவது என்று யாரைக் கேட்டு முடிவு செய்கிறான் என்பது. அவர்கள் சொல்லவில்லை, நீயே சொல் என்றார்கள்.

"எங்கப்பன் டீலரைக் கேக்க மாட்டாரு" என்றாள் என்னிடம். "கொள்ளேகால்ல மோட்டாருக்குள்ள கம்பி சுத்திக் காயில் கட்டற மெக்கானிக் ஒருத்தரு இருக்காரு. மோட்டார் எரிஞ்சுபோனா அவருகிட்டத்தான் தூக்கிட்டுப் போவோணும். அவரு எதை வாங்கச் சொல்றாரோ அதுதான். அதையத்தான் சொன்னேன். டீலரைக் கூட்டறதுக்கு முன்னால மெக்கானிக்குகளைப் போய்ப் பாருங்கன்னு சொன்னேன்."

சாயங்காலம் நான்கு மணிக்குப் பலகையில் இரண்டு பெயர்கள் ஒட்டினார்கள். ஒன்று அவளுடையது.

நான் வாழ்த்தினேன். கட்டியும் பிடித்துக்கொண்டேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "உனக்கு அதிர்ஷ்டம்ப்பா. உன் ஊர்க் கேள்வியையே குடுத்துட்டாங்க."

"ஆமா, அதிர்ஷ்டந்தான்" என்றாள். அவள் அதை மறுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹேர் ஆயில் கதையையும் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பெரிய பாட்டிலை யார் வாங்குவாங்க? வெச்சா ஆளாளுக்கு ஊத்திக்குவீங்க, ஒரே வாரத்துல காலி ஆயித்து. நான் எப்பவும் சின்னதுதானே வாங்கறேன்" என்றாள். இருபத்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் அந்தச் சின்ன பாட்டிலிலிருந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டவள் நான். என் வீட்டுக் கேள்வியைத்தான் எனக்கும் கொடுத்திருந்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் நான் ஏரிக்கரைப் பக்கம் போகவில்லை. வகுப்பில் தோழியோடு பேசினேன், சிரித்தேன், ஆனால் தனியாக இருக்கும் சந்தர்ப்பத்தைத் தவிர்த்தேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். அவளும் நெருங்கி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தாள்.

"எங்கப்பன் வேண்டாங்கறாரு" என்றாள். "ஊர் ஊராப் போற வேலை பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்கறாரு. பத்து நாளுக்குள்ள வேலைக் கடுதாசில கையெழுத்துப் போட்டு அனுப்போணும். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன். எனக்கு அவருகிட்ட வாய் வராது."

உண்மையைச் சொல்கிறேன், அவள் சொன்ன அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஏதோ ஒன்று லேசானது. அவளுக்கும் கிடைக்காமல் போகலாம். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. "எப்ப போகலாம்?" என்று கேட்டேன். அந்த வெட்கத்திலிருந்து தப்பிக்கத்தான் அவ்வளவு சீக்கிரம் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாளே போனோம். கொள்ளேகாலில் பஸ் மாறி அவள் ஊரில் இறங்கியபோது மத்தியானம். வீட்டின் முன்பாதியில் புழு வளர்க்கும் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. இலை தின்னும் சத்தம் மழைத் தூறல் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அப்பா ஒல்லியானவர். எங்களைச் சாப்பிடவைத்துவிட்டு எதிரே கட்டிலில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க அம்மிணி. என்ன வேலை அது?"

வரும் வழியெல்லாம் நான் தயார் செய்திருந்தேன். பெங்களூரில் அந்த நிறுவனத்துக்கு எவ்வளவு மதிப்பு, எத்தனை பெரிய கம்பெனிகள் அவர்களைத் தேடி வருகின்றன, பத்துப் பேர் போனதில் இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள், இந்தக் காலத்தில் பெண்கள் எங்கெல்லாம் போகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரக்கு பண்றவனுக்கே அது ஏன் விக்கலைன்னு தெரியாதுங்களா?" என்றார்.

"தெரியாதுங்க. அதனாலதான் இவங்களைக் கூப்பிடறாங்க."

"அப்ப அவன் பண்றது என்ன?" என்றவர், நான் பதில் தேடுவதைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார். "நீங்க நல்லாப் பேசறீங்க அம்மிணி. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. வேண்டாம்னா விட்டுடோணும்."

உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தோழியைப் பார்த்தேன். கடைக்காரரிடமும் பெங்களூர்க்காரர்களிடமும் அப்படிக் கேட்டவள், இங்கே தலை குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லக் கொண்டுவந்தது எல்லாம் தீர்ந்துவிட்டது.

"உங்களுக்கு எது மனசுக்குச் சரியாப் படலைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். "வேலையா, பெங்களூரா, ஊர் ஊராப் போறதா?"

அவர் எழுந்து போய் ஒரு தட்டில் இலை போட்டுவிட்டு வந்தார்.

"வேலை செய்யட்டும். அதுக்குத்தான் படிக்க வெச்சேன். பெங்களூர்ல எங்க சித்தப்பன் மகன் குடும்பத்தோட இருக்கறான், அங்க தங்கிக்கலாம். ஊர் ஊராப் போனா, போற ஊர்ல ராத்திரிக்கு எங்க தங்குவா? லாட்ஜுல தனியா ரூம் எடுத்துக் குடுப்பாங்களாமா? நான் கொள்ளேகால் சந்தைக்குப் போறப்ப லாட்ஜைப் பாத்திருக்கறேன். எனக்கு அது ஒண்ணுதான்."

தோழி நிமிர்ந்து பார்த்தாள். "இதையா நீங்க நெனச்சுட்டிருந்தீங்க?"

"நீ எங்க கேட்ட?" என்றார் அவர்.

அப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது. அதே சாயங்காலம் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கொள்ளேகாலுக்கு வந்து ஓர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெங்களூருக்கு போன் போட்டோம். நல்லவேளையாக அந்தப் பருத்திப் புடவை அம்மாளே கிடைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெளியூர் போகும்போது எப்போதும் இரண்டு பெண்களாகத்தான் அனுப்புவோம், இரண்டு பேருக்கும் ஒரே அறை, முதல் வருஷம் பெரும்பாலும் அவரே கூட வருவார் என்று சொன்னார். தோழியின் அப்பாவிடம் பேசுகிறீர்களா என்று கேட்டேன். ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். கன்னடத்தில் இரண்டு நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை. வெளியே வந்து, "சரி, கையெழுத்துப் போடு" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது தோழி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நரசிப்பூரில் இறங்கி ஏறிய கூட்டத்திலும் விழிக்கவில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளாக எனக்குள் இருந்தது முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அதோடு உட்கார்ந்திருக்க முடிந்தது.

ஜூன் மாதம் அவள் பெங்களூர் போனாள். நான் இன்னும் இரண்டு நேர்காணல்களுக்குப் போய், இரண்டாவதில் தேர்வாகி, ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தேன். மண்டியா, ஹாசன் என்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, என்ன எண்ணெய் வாங்குகிறீர்கள், என்ன டீத்தூள் வாங்குகிறீர்கள் என்று கேட்கிற வேலை. முதல் மாதம் பாதி வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சேலை விற்க வந்தவள் என்றும், சீட்டுப் பிடிக்க வந்தவள் என்றும் நினைத்தவர்கள் உண்டு. பழகப் பழக, எந்த வாசலில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் பேச வேண்டும், எந்த வாசலில் நேராக விஷயத்துக்கு வர வேண்டும் என்று பிடிபட்டது. அந்த வேலையில் என் ஆங்கிலத்துக்கு இடமே இல்லை. அது குறையாகவும் தெரியவில்லை.

தீபாவளி நெருங்கும் சமயத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹூப்ளிக்கு வேலையாகப் போனார்களாம். கூட வந்த பருத்திப் புடவை அம்மாள் காய்ச்சல் வந்து முதல் நாளே பெங்களூர் திரும்பிவிட்டார். இவள் மூன்று நாள் லாட்ஜில் தனியாகவே தங்கி, நாற்பது டிராக்டர் மெக்கானிக்குகளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். லாட்ஜ்காரர் மகள் தினமும் சோளமாவில் தட்டிய ஜோள ரொட்டி கொண்டுவந்து கொடுத்து, உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போனாளாம்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அம்மா.

"அதைத்தான் கேட்டிருக்கா. சொல்லலாமா வேண்டாமான்னு."

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப நேர்ல சொல்லச் சொல்லு. போன்ல பேடா, வேண்டாம்" என்றாள்.

அப்படியே எழுதிப் போட்டேன்.